போய்ப் பார்த்தது யார்?

மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட், மின்வெட்டு ஊருக்குக் குளிர்பெட்டி, எழுத்தறியாதவருக்கும் வாக்குப்பதிவு இயந்திரம். மும்பை பாண்டுப் வட்டாரத்தோடு தொடர்புடைய பொருள்களும், அவற்றைச் செய்தவர்கள் வாடிக்கையாளரின் வாசல்வரை போன கதைகளும்

பாண்டுப்பின் எல்.பி.எஸ். மார்க்கில் இன்று அடுக்குமாடிகளும் மால்களும் நிற்கின்றன. தொழிற்சாலைச் சங்கு ஊதிய காலத்தில் அந்தச் சாலையின் பெரிய பெயர்களில் ஒன்று ஏசியன் பெயின்ட்ஸ். 1950களின் பிற்பகுதியில் அது தன் பெரிய ஆலையை இங்கேதான் எழுப்பியது. 1942இல் தொடங்கியபோது அந்த நிறுவனத்துக்கு ஆலை என்று எதுவும் கிடையாது. கிர்காவ் பகுதியில் ஒரு கார் ஷெட்டும், சம்பக்லால் சோக்ஸி முதலான நான்கு நண்பர்களும்தான் மொத்த நிறுவனம்.

நகரத்துப் பெரிய கடைகளில் வெளிநாட்டு கம்பெனிகளின் டப்பாக்கள் இடம்பிடித்திருந்தன. நண்பர்கள் சிற்றூர்களின் பக்கம் திரும்பினார்கள். அங்கே என்ன நடந்தது என்பதைப் பற்றி அந்த நிறுவனத்தின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. நம்மூரில் மாட்டுப் பொங்கல்போல மகாராஷ்டிரத்தில் ‘போளா’. அன்று உழவு மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் தீட்டி, ஊர்வலம் விடுவார்கள். ஒரு சோடி மாட்டுக்கு நான்கு கொம்புகள். அதற்கு லிட்டர் டப்பா வாங்க எந்த விவசாயிக்கு மனம் வரும்? கண்ணைப் பறிக்கும் நிறங்களில் சின்னஞ்சிறு டப்பாக்கள் வந்தன. கிராமத்துக் கடைகளின் கதவு திறந்தது.

அந்த நாளில் இதற்கு ‘யூசர் ரிசர்ச்’ என்று பெயரில்லை. தனித் துறை இல்லை, அறிக்கை இல்லை. நான்கு பேர் நடத்தும் கம்பெனியில் சரக்கைப் பற்றி முடிவெடுப்பவருக்கும் அதை விற்பவருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்துவிட முடியும்? கடைக்காரர் சொன்னது அன்றைக்கே எல்லார் காதுக்கும் வந்துவிடும்.

கம்பெனி வளர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. இன்றைய மென்பொருள் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் பத்து வீடுகளுக்குப் போய்ப் பேசுகிறார். எண்பது பக்க பிபிடி தயாராகிறது. புராடக்ட் மேனேஜர் அதிலிருந்து ஐந்து வரி எடுக்கிறார். டிசைனர் அந்த ஐந்து வரிக்குப் படம் போடுகிறார். கடைசியில் புரோகிராமரின் திரைக்கு வந்து சேர்வது, ‘இந்தப் பொத்தானை வலப்பக்கம் நகர்த்தவும்’ என்ற ஒற்றை டிக்கெட். ஏன் நகர்த்த வேண்டும் என்பது வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிட்டது. அதை நேரில் பார்த்தவர் ஒருவர், செய்பவர் வேறொருவர்.

இதற்கு மாற்றாகத் தொழில் உலகில் வலுப்பெற்றுவரும் யோசனை எளிமையானது. ஆய்வாளர் மட்டும் போகவேண்டாம். எஞ்சினியர், டெஸ்டர், விலை போடுபவர், விற்பவர் என்று பொருளோடு தொடர்புடைய அத்தனை பேரும் முறைவைத்துப் போய்ப் பயனரைப் பார்க்கட்டும். கேட்க எளிது, செய்வது அப்படியில்லை. விக்ரோலி, காஞ்சூர்மார்க், பவாய், பாண்டுப் என்று ஒட்டிக்கிடக்கும் இந்தக் கிழக்குப் புறநகர் வட்டாரத்திலேயே அதற்கு எழுபது ஆண்டு அனுபவம் இருக்கிறது. வென்றதும் உண்டு, தடுக்கி விழுந்ததும் உண்டு.

ஐந்து ரூபாய்ப் பெட்டிக்குப் பூட்டு

பாண்டுப்பிலிருந்து தெற்கே இரண்டாவது ரயில் நிலையம் விக்ரோலி. கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ் நிறுவனத்தின் தொழில் நகரம். 1951இல், நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்கு எஃகு வாக்குப்பெட்டிகள் வேண்டும் என்ற ஆர்டர் அங்கே வந்தது. பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள். ஒரு பெட்டியின் விலை சுமார் ஐந்து ரூபாய்.

விலைக்குள் பெட்டியைச் செய்துவிடலாம். பூட்டுதான் இடித்தது. வெளியே தனிப் பூட்டு மாட்டினால் கணக்கு எகிறிவிடும். பூட்டே இல்லாத பெட்டியை யார் நம்புவார்? வழி சொன்னவர் உயரதிகாரி அல்ல. ஆலைத் தளத்தில் வேலைபார்த்த நாதாலால் பஞ்சால் என்ற தொழிலாளி, பெட்டிக்கு உள்ளேயே பூட்டு விழும் அமைப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கோத்ரெஜ் ஆவணக் காப்பகம் அவர் பெயரை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

விடை எந்த மேசையிலிருந்து வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தகட்டைத் தினமும் வளைக்கும் கைக்கு, தேர்தல் அதிகாரியின் தேவை என்ன என்று தெரிந்திருந்ததால்தான் அந்தப் பூட்டு கிடைத்தது. தேவை மேல்மாடியோடு நின்றிருந்தால் பஞ்சாலுக்குக் கேள்வியே போய்ச் சேர்ந்திருக்காது.

சிவப்புப் பெட்டி

அதே விக்ரோலியில் 1958இல் கோத்ரெஜ் குளிர்சாதனப் பெட்டி செய்யத் தொடங்கியது. அரை நூற்றாண்டு கழித்தும் இந்திய வீடுகளில் ஐந்தில் ஒன்றில்கூட ஃபிரிட்ஜ் இல்லை. இருந்த சந்தையிலோ கொரிய கம்பெனிகளின் போட்டி. 2006இல் ஹார்வர்ட் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சனோடும் அவருடைய ஆலோசனை நிறுவனமான இன்னோசைட்டோடும் பேச்சு தொடங்கியது. ஃபிரிட்ஜ் வாங்காத பெரும்பான்மைக்கு என்ன செய்து கொடுக்கலாம் என்பதே கேள்வி. நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரான ஜி. சுந்தரராமன் இந்த முயற்சியை முன்னின்று நடத்தினார்.

முதலில் எழுந்த யோசனை எந்த எஞ்சினியருக்கும் எழக்கூடியது: இருக்கிற ஃபிரிட்ஜைச் சின்னதாக்கு, செலவைக் குறை. பிறகு குழு வீடுகளுக்குப் போனது. உட்கார்ந்து பார்த்தது.

அந்த வீடுகளில் வாரத்துக்கான காய்கறியை யாரும் மொத்தமாக வாங்கவில்லை. அன்றாடக் கூலி, அன்றாடச் சந்தை. மிஞ்சிய சாப்பாடு, கொஞ்சம் பால், நாலு காய் ஆகியவை ஓரிரு நாள் கெடாமல் இருக்க வேண்டும். வெயிலில் வந்தவருக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ஐஸ் கட்டி அவ்வளவு அவசியம் இல்லை. அறை சிறியது. வேலை தேடி இடம் மாறும் குடும்பங்களுக்குப் பெரிய பெட்டி ஒரு சுமை. மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் பார்த்தபின் வந்தது ‘சோட்டுகூல்’. கம்ப்ரசரே கிடையாது. ஒரு செமிகண்டக்டர் சில்லும் சிறு விசிறியும் சேர்ந்து குளிரூட்டும். 12 வோல்ட் மின்சாரம் போதும் என்பதால் மின்தடையின்போது பேட்டரியில் ஓடும். வழக்கமான ஃபிரிட்ஜில் இருநூறுக்கு மேல் பாகங்கள் என்றால் இதில் சுமார் இருபதுதான். கதவு முன்னால் இல்லை, மேலே. குளிர்ந்த காற்று கனமானது. மேல்மூடியைத் திறந்தால் முன்கதவைத் திறக்கும்போது கொட்டுவதுபோல அது வெளியே கொட்டிவிடாது. 43 லிட்டர் கொள்ளளவு, எடை எட்டு கிலோவுக்குள். கைப்பிடியைப் பிடித்து ஒருவரே தூக்கிப்போகலாம். அறிமுக விலை சுமார் 3,250 ரூபாய்.

ஐஸ் வேண்டாம், முன்கதவு வேண்டாம், கம்ப்ரசர் வேண்டாம் என்று நீக்கிக்கொண்டே போக ஒரு குழுவுக்குத் துணிச்சல் வேண்டும். அறிக்கையைப் படித்து வரும் துணிச்சல் அல்ல அது. ஃபிரிட்ஜ் என்றால் ஐஸ் உறையத்தான் வேண்டும் என்று கல்லூரியிலேயே படித்துவந்த எஞ்சினியருக்கு, ஐஸைத் தேடாத சமையற்கட்டைக் கண்ணால் பார்த்தால்தான் மனம் ஒப்பும்.

2008 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் (இன்றைய தாராசிவ்) அறுநூறுக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கூடினார்கள். மாதிரிப் பெட்டியைத் திறந்தார்கள், தூக்கினார்கள், குறை சொன்னார்கள், யோசனை சொன்னார்கள். பெட்டி பளிச்சென்ற சிவப்பில் வந்தது அவர்கள் கேட்டதால். 2012இல் எடிசன் விருதுகளில் தங்கப் பரிசு கிடைத்தது. உலகெங்கும் நிர்வாகவியல் வகுப்புகளில் இது பாடமானது.

பாடப்புத்தகங்கள் பலவும் இதோடு நிறுத்திவிடுகின்றன. மீதிக் கதையில்தான் சுவை இருக்கிறது.

கிராமங்களில் சோட்டுகூல் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. பெரிய கடைகளின் சங்கிலி இல்லாமலே விற்றுவிடலாம் என்று, கிராமத்துப் பெண்களுக்குக் கமிஷன் கொடுத்து விற்கச் சொன்னார்கள். அஞ்சல் துறையோடு கைகோத்துத் தபால் நிலையம் வழியாகவும் முயன்றார்கள். இருந்தும் ஓடவில்லை. மூவாயிரத்துச் சொச்சம் செலவழிக்க முடிந்த குடும்பம், இன்னும் கொஞ்சம் சேர்த்து ‘நிஜ’ ஃபிரிட்ஜே வாங்கிவிடலாமே என்று காத்திருந்தது. நடுவீட்டில் நிற்கும் ஃபிரிட்ஜ் குளிர்ந்த தண்ணீர் மட்டும் தருவதில்லை, பார்ப்பவர் கண்ணில் ஒரு மதிப்பையும் தருகிறது. பிறகு சோட்டுகூல் நகரத்துப் பக்கம் திரும்பியது. காரில் வைக்க, விடுதி அறையில் வைக்க, சிறு கடைக்காரர் குளிர்பானம் வைக்க என்று புதிய வாடிக்கையாளர்களைத் தேடிக்கொண்டது. விலையும் ஏறியது.

அப்படியானால் அறுநூறு பெண்களிடம் கேட்டது வீணா? பொருளைப் பொறுத்தவரை இல்லை. ஆனால் ஒரு பெட்டியைத் தொட்டுப் பார்த்து நிறம் சொல்வது ஒன்று, அதற்காகச் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுப்பது முற்றிலும் வேறு. முதலாவதை ஆய்வாளரும் எஞ்சினியரும் கவனித்துவிடலாம். இரண்டாவதைப் பிடிக்க வேறு கண்கள் வேண்டும்: தவணைக் கணக்குத் தெரிந்தவர், சரக்கு அனுப்பும் செலவு தெரிந்தவர், கடையில் நின்று பேரம் கேட்டுப் பழகியவர். ‘மொத்தக் குழுவும் போக வேண்டும்’ என்பதில் ‘மொத்த’ என்ற சொல்லுக்கு இருக்கும் எடை இதுதான். டிசைனரையும் புரோகிராமரையும் கூட்டிப்போவதோடு பல நிறுவனங்கள் நிறைவடைந்துவிடுகின்றன. பணத்தின் கேள்வி அலுவலகத்திலேயே தங்கிவிடுகிறது.

எண் இருந்த இடத்தில்

எஞ்சினியர் ஏன் நேரில் போக வேண்டும் என்பதற்கு இன்னொரு இந்திய உதாரணம் ‘எம்ப்ரேஸ்’. 2007இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வகுப்பு ஒன்றில் தொடங்கிய திட்டம் அது. சென்னை ஐஐடியில் படித்த ராகுல் பணிக்கர், ஜேன் சென், லைனஸ் லியாங், நாகானந்த் மூர்த்தி ஆகியோர் சேர்ந்து, குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு மலிவான இன்குபேட்டர் செய்யப் புறப்பட்டார்கள். லியாங் நேபாளத்துக்குப் போனார். மருத்துவமனையில் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குழந்தைகள் பிறந்தது தொலைதூரக் கிராமங்களில். திட்டமே மாறியது: மின்சாரம் தொடர்ந்து தேவைப்படாத, குழந்தையைச் சுற்றி வைக்கக்கூடிய சிறு உறங்கு பை.

குழு பெங்களூருக்குக் குடிபெயர்ந்து மாதிரிகளைக் கிராமங்களுக்கு எடுத்துப்போனது. பையின் வெப்பம் சரியாக இருக்கிறதா என்று காட்ட 37 டிகிரி என்ற எண் இருந்தது. தாய் ஒருவர், அந்த அளவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வைப்பேன் என்றார். ஆங்கில மருந்து வீரியம் அதிகம். டாக்டர் ஒரு கரண்டி சொன்னால் அரைக் கரண்டி கொடுப்பதே பாதுகாப்பு என்பது அவர் அனுபவம். குழு எண்ணையே எடுத்துவிட்டது. ‘சரி’, ‘சரியில்லை’ என்று காட்டும் அடையாளம் மட்டும் மிஞ்சியது.

‘பயனர்கள் எண் அளவீடுகளில் குழப்பமடைகிறார்கள்’ என்று இது அறிக்கையில் ஒரு வரியாக வந்திருந்தால், எண்ணைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருப்பார்கள். அந்தத் தாய்க்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. அவர் காரணத்தோடுதான் பேசினார்.

யார் பயனர்?

பாண்டுப்புக்கு மேற்கே, குன்றைத் தாண்டினால் பவாய். அங்குள்ள ஐஐடி வளாகத்தில் 1969இல் தொடங்கிய தொழில் வடிவமைப்பு மையத்தை எல்லாரும் ‘ஐடிசி’ என்பார்கள். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு இன்று நாம் பார்க்கும் உருவத்தைக் கொடுத்தவர்கள் அதன் பேராசிரியர்களான ஏ.ஜி. ராவும் ரவி பூவய்யாவும். இயந்திரத்தை உருவாக்கிய பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் அந்தப் பணியை வழிநடத்தியவர்களில் ஒருவர் எஸ். ரங்கராஜன், தமிழர்களுக்கு எழுத்தாளர் சுஜாதா.

1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முறை பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத் திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்தது. 2001இல் தமிழ்நாடு முழுவதும், 2004இல் நாட்டின் 543 தொகுதிகளிலும் வாக்காளர் அழுத்தியது பொத்தானை.

இந்த இயந்திரத்தின் பயனர் யார்? வாக்காளர் என்று சொல்லிவிடத் தோன்றும். எழுத்தறியாதவருக்காகச் சின்னம், பக்கத்தில் நீலப் பொத்தான், அழுத்தியதும் சிவப்பு விளக்கு, நீண்ட ‘பீப்’ ஒலி என்று வாக்காளருக்கான ஏற்பாடுகள் கண்ணுக்குத் தெரிபவை. அந்த ஒலி வாக்காளருக்கு மட்டும் உரியதல்ல. மறைப்புக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்களுக்கும் ஒரு வாக்கு விழுந்துவிட்டது என்று தெரிய வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவியை இயக்குபவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர். ஓரிரு நாள் பயிற்சியோடு வருபவர். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறவும் ஆற்றைக் கடக்கவும் வேண்டியிருக்கும். ஆகவே பேட்டரி, ஆகவே கைப்பிடி வைத்த உறை. எண்ணும் அறையில் இருப்பவருக்கு வேறு தேவை. ஒரே பொருளுக்கு நான்கைந்து வகைப் பயனர்கள். எந்த ஒருவரை மறந்தாலும் தேர்தல் நாளில் சாவடி நின்றுபோகும்.

வாக்கைத் தாளில் அச்சிட்டு ஏழு விநாடி காட்டும் விவிபேட் கருவி வந்தபோது பயன்படும் இடங்களுக்கே கொண்டுபோய்ச் சோதிப்பதைத் தேர்தல் ஆணையம் பெரிய அளவில் செய்தது. சென்னை ஐஐடியின் முன்னாள் இயக்குநர் பி.வி. இந்திரேசன் தலைமையிலான நிபுணர் குழு வழிகாட்டியது. 2011 ஜூலையில் லே, ஜெய்சல்மேர், சிரபுஞ்சி, திருவனந்தபுரம், கிழக்கு டெல்லி ஆகிய ஐந்து இடங்களில் வெள்ளோட்டம். குளிருக்கு ஒன்று, மணல் வெயிலுக்கு ஒன்று, ஓயாத மழைக்கு ஒன்று. குறைகள் வெளிப்பட்டன. கருவியைத் திருத்தி 2012இல் மறுபடியும் வெள்ளோட்டம் நடத்தினார்கள். 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில்தான் அது நிஜ வாக்குகளைச் சந்தித்தது. உற்பத்தியாளர், நிபுணர், அதிகாரி என்று முடிவெடுப்பவர் அனைவர் முன்னும் குறை ஒரே நேரத்தில் விழுந்ததால், ‘அது பயன்படுத்துபவரின் தவறு’ என்று தட்டிக்கழிக்க யாருக்கும் வழியில்லை.

பதினாலு அடிச் சுவர்

ரயில் பாதையோரக் குடிசைகள் மும்பைக்குப் புதிதல்ல. தாணேக்கும் குர்லாவுக்கும் இடையே கூடுதல் தண்டவாளம் போட வேண்டியிருந்தபோது அகற்றப்பட்ட குடும்பங்களில் ஒரு பகுதி, 1990களின் இறுதியில் பாண்டுப்புக்கு அடுத்த காஞ்சூர்மார்க்கில் குடியேறியது. யார் எங்கே போவது என்ற பட்டியலில் அந்த மக்களின் அமைப்புகளுக்கும் கையிருந்தது. அதன் பின்னணியில் நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர், 2000இல் மக்சேசே விருது பெற்றவர்.

ஷீலா படேல் முதலானோர் 1984இல் தொடங்கிய ‘ஸ்பார்க்’ அமைப்பு, அடுத்த ஆண்டு மும்பை நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்தது. 1986இல் நடைபாதைப் பெண்களின் ‘மகிளா மிலன்’ உருவானது. ஜோக்கினின் கூட்டமைப்பும் இவர்களோடு சேர்ந்தது. அதன்பின் கணக்கெடுப்புகளில் கேள்வி கேட்டவர்களும் குறித்தவர்களும் அந்த மக்களே. வீடு எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர்கள் படிவம் நிரப்பவில்லை. முழு அளவில் மாதிரி வீடுகளை எழுப்பிக் கண்காட்சி வைத்தார்கள். கட்டடக் கலைஞரும் அதிகாரியும் உள்ளே நுழைந்து பார்த்தார்கள். சுவர் பதினாலு அடி உயரம் வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். பாதியில் ஒரு பரண் தளம் போட்டால் 180 சதுர அடி வீட்டில் இன்னும் சிலர் படுக்கலாம்.

பொதுக் கழிப்பிட வடிவமைப்பில் இந்த அணுகுமுறை இன்னும் ஆழமாகப் போனது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வரிசை. குழந்தைகளுக்கென்று தாழ்வான, தனியான இடம். காலை நெரிசலில் பெரியவர்கள் அவர்களை வரிசையிலிருந்து தள்ளிவிடுவதைத் தினமும் பார்த்தவர்கள் கேட்டது அது. பராமரிப்பவர் குடும்பத்தோடு தங்க மாடியில் அறை. அவர் அங்கேயே இருந்தால்தான் இடம் சுத்தமாக இருக்கும். கழிப்பிடத் திறப்பு விழாக்களுக்கு ‘சண்டாஸ் மேளா’ (கழிப்பிடத் திருவிழா) என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். 2001இல் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் கூடத்திலேயே மாதிரி வீடும் மாதிரிக் கழிப்பிடமும் எழுந்தன. அன்றைய பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வந்து பார்த்தார்.

கம்பெனிகளின் அகராதியில் இந்த மக்கள் ‘பயனர்கள்’. இங்கே அவர்களே குழுவாக இருந்தார்கள். கட்டடக் கலைஞர்தான் வருகையாளர்.

இரண்டு மணி நேரக் கணக்கு

வெளிநாடுகளில் இதைப் பழக்கமாக்க ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். டொயோட்டாவின் தலைமை எஞ்சினியர் யூஜி யோகோயா, 2004 மாடல் சியன்னா வேனைத் திருத்தும் முன் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றையும் சுற்றி 53,000 மைல் ஓட்டினார். பெற்றோர் வாங்கினாலும் வண்டியை ஆள்வது பின்னிருக்கைக் குழந்தைகளே என்ற முடிவோடு திரும்பினார். கணக்கு மென்பொருள் நிறுவனமான இன்ட்யூட், கடையில் தன் பொருளை வாங்கியவரிடம் அனுமதி கேட்டு அவர் வீடுவரை கூடவே போய், அவர் அதைக் கணினியில் ஏற்றுவதை ஊழியர்கள் வேடிக்கை பார்க்கும் வழக்கத்தை 1980களின் இறுதியில் கொண்டுவந்தது. 2015இல் ஃபேஸ்புக் அலுவலகத்தில் ‘2ஜி செவ்வாய்’ வந்தது. விரும்பும் ஊழியர் ஒரு மணி நேரம் இந்தியா போன்ற நாடுகளின் மெதுவான இணைய வேகத்தில் தங்கள் செயலியைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

இவற்றில் பரவலாகப் பின்பற்றப்பட்டது வடிவமைப்பு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2011இல் முன்வைத்த கணக்கு: குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஆறு வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது நிஜப் பயனர்களைப் பார்க்க வேண்டும். அதே ஆண்டு தொடங்கிய பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைத் துறை இதைச் சுவரொட்டியாகவே அச்சிட்டு, ‘உங்கள் இரண்டு மணி நேரம் ஆயிற்றா?’ என்று அலுவலகச் சுவரில் ஒட்டியது. ஆய்வு என்பது குழு விளையாட்டு என்று அங்குள்ள அதிகாரிகள் பேசத் தொடங்கினார்கள்.

எட்டுப் பேர் வாசலில் நின்றால்

கூட்டமாகப் போவதில் ஆபத்தும் உண்டு. பத்துக்குப் பத்து ஒற்றை அறை வீட்டில் எட்டுப் பேர் லேப்டாப்போடு நுழைந்தால் அந்த வீடு வீடாக இருக்காது. தேநீர் வரும், பக்கத்து வீட்டு நாற்காலி வரும், உண்மை வராது. அனுபவமுள்ள ஆய்வாளர்கள் இரண்டு பேருக்கு மேல் அனுப்புவதில்லை. ஒருவர் பேசுவார், ஒருவர் குறிப்பெடுப்பார். அடுத்த வீட்டுக்கு வேறு இருவர்.

கேள்வியிலும் சூட்சுமம் இருக்கிறது. ‘இது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?’ என்று வீட்டுக்கு வந்தவர் கேட்டால், ‘நல்லா இருக்கு தம்பி’ என்பதுதான் நம் மரியாதை. அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. ‘போன தடவை ஊருக்கு எப்போம்மா பணம் அனுப்பினீங்க? எப்படி அனுப்பினீங்க, கொஞ்சம் காட்டுங்க’ என்று கேட்டால் போன் வெளியே வரும். பின் நம்பரை யார் நினைவில் வைத்திருக்கிறார், மகனைக் கூப்பிட்டுத்தான் அழுத்தச் சொல்கிறாரா, பணம் போனதா என்று உறுதிசெய்ய ஊருக்கு ஒரு போன் போடுகிறாரா என்பதெல்லாம் தானாகத் தெரியும்.

புரோகிராமருக்கு இதில் பெரிய சோதனை வாயை மூடிக்கொண்டிருப்பது. தான் செய்த திரையில் ஒருவர் தடுமாறும்போது, ‘அந்த மூலையில தட்டுங்க அக்கா’ என்று சொல்ல நா துடிக்கும். சொல்லிவிட்டால் அந்த வருகையே பாழ். இருபது விநாடி பொறுத்துப் பார்த்தவர், அலுவலகம் திரும்பியதும் யாரும் டிக்கெட் போடுவதற்கு முன்பே அந்தத் திரையைத் திருத்தத் தொடங்கிவிடுவார்.

மும்பையில் மொழியும் ஒரு சுவர். கூட்டம் நடப்பது ஆங்கிலத்தில், வீட்டில் பேசுவது தமிழோ மராத்தியோ போஜ்புரியோ. மொழிபெயர்ப்பாளர் ஐந்து நிமிடப் பேச்சை ஒரு வாக்கியமாகச் சுருக்கித் தருவார். தயக்கமும் சலிப்பும் அதில் இருக்காது. தாராவிக்கோ பாண்டுப்புக்கோ போகும் நாளில், குழுவில் கடைசி நாற்காலியில் உட்காரும் தமிழ் பேசும் டெஸ்டர் திடீரென்று முக்கியமானவர் ஆகிவிடுவதைப் பார்க்கலாம். வாடிக்கையாளர் சேவை மையத்தில் போன் எடுப்பவர்களும் அப்படித்தான். ஆய்வாளர் ஒரு மாதத்தில் கண்டுபிடிப்பதில் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர்களை யாரும் கேட்டதில்லை.

எதிர்ப்புகளிலும் நியாயம் உண்டு. ஒரே ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்த எஞ்சினியர், ‘நான் நேர்ல பார்த்தேன் சார்’ என்று அந்த ஒருவருக்காகவே மொத்தப் பொருளையும் மாற்றத் துடிப்பார். எத்தனை பேருக்கு அந்தச் சிக்கல் என்று சொல்ல எண்ணிக்கை ஆய்வு வேண்டும். யாரைப் பார்ப்பது, எந்த வரிசையில் கேட்பது, கண்டதையும் ஊகித்ததையும் எப்படிப் பிரிப்பது என்பவை பயிற்சி பெற்ற ஆய்வாளரின் வேலை. எல்லாரும் போனால் அவருக்கு வேலை போய்விடாது; அவர் வழிகாட்டியாக மாறுகிறார். அன்று மாலையே எல்லாரையும் உட்காரவைத்து, பார்த்ததை மட்டும் முதலில் பேசவைப்பது அவர் பொறுப்பு. ஒரு வாரம் தள்ளினால் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததை மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள். வீட்டையும் முகத்தையும் படமெடுக்கும் முன் ஒப்புதல் வாங்குவதும் அவர் வேலைதான். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதை வெறும் நாகரிகம் என்று விட்டுவிட முடியாது.

நேரமில்லை என்பதுதான் அடிக்கடி கேட்கும் பதில். ஆறு வாரத்துக்கு இரண்டு மணி என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய பதினேழு மணி நேரம், ஓர் ஊழியருக்கு இரண்டு வேலைநாள். பவாயின் கண்ணாடிக் கட்டடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு வெகுதூரப் பயணமும் தேவையில்லை. பாண்டுப் மேற்கின் குன்றுச் சரிவில் வீட்டு எண்ணும் தெருப்பெயரும் ஒழுங்காக இல்லாத சந்துகள் இருக்கின்றன. முகவரிப் பெட்டியில் அந்த வீட்டார் என்ன எழுதுகிறார்கள், டெலிவரிப் பையனுக்கு எந்தக் கோயிலை, எந்தக் கடையை அடையாளம் சொல்கிறார்கள், முன்பணம் கட்டத் தயங்குவது எதனால் என்பதையெல்லாம் ஒரு மதியத்தில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். முதல் முறை போகும் பட்டியலில் டிசைனர் பெயர் எப்படியும் இருக்கும். விலை நிர்ணயிப்பவர் பெயரும் சரக்கு அனுப்புபவர் பெயரும் இருக்கின்றனவா என்பதைத்தான் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.